கைராசி மிஸ்

காலையில் பள்ளி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் யாராவது ஒரு குழந்தையின் தலையை என் வலது கைக்கு அடியில் கொண்டுவந்து நீட்டிவிடுகிறார்கள். அங்கே மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் உங்களுக்கு இதை எப்படி விளக்குவது? ஆவடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் கவுன்சலராகச் சேர்ந்தேன். வந்த புதிதில், தினமும் அழுதுகொண்டிருந்த ஒரு பையனின் தலையைத் தடவிக் கொடுத்தேன். மறுநாள் அவன் அழவில்லை. வேனில் ஜன்னலோர இடம் கிடைத்ததுதான் காரணம். யார் கேட்கிறார்கள்? மிஸ்ஸுக்குக் கைராசி என்று பள்ளியைச் சுற்றியுள்ள ஊழியர் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. காய்ச்சல், நகம் கடிப்பது, கணக்குப் பரீட்சை, எல்லாவற்றுக்கும் என் கைதான். ஒருவர் புது ஆட்டோவையே கொண்டுவந்து நிறுத்தினார். தொட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

ஈப்போவில் நான் வேலை பார்த்த பள்ளியில் கேட்காமல் குழந்தையைத் தொடக்கூடாது. ஒரு பிள்ளை வாய் திறப்பதற்காக மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து களிமண் உருட்டியிருக்கிறேன். யாரும் அவசரப்படுத்தியதில்லை. அந்தப் பொறுமையைத்தான் இங்கேயும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் வகுப்பு ஜெனிஃபர் வீட்டில் வாயாடி, பள்ளியில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இந்த வாரமும் பேசாவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அவள் அம்மா ஸ்டெல்லா, கையில் ஜெபமாலையோடு என் அறைக்கு வந்துவிட்டார்.

“தலைல கைய வச்சி ஒரு வார்த்த சொல்லுங்க மிஸ். ஊருக்கே வச்சீங்க, எம் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சி?”

“அப்படி ஒன்னும் இல்லம்மா. அவளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க.”

“நல்ல நேரம் பத்தரைக்குதான் மிஸ். அதுவரிக்கும் உக்காந்துகினு கீறேன்.”

பத்தரைக்குத் தலைமையாசிரியையும் வந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. பேசாவிட்டால் பிள்ளைக்குப் பள்ளி போகும். பேசிவிட்டால் நான் படித்த படிப்பு போகும். குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, “தொடட்டுமா?” என்று ஜெனிஃபரிடம் கேட்டேன். தலையாட்டினாள். கை வைத்தேன்.

“மிஸ், உங்க ஊடு எங்க கீது?”

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டார். தலைமையாசிரியை தன் வலிக்கும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் நகர்ந்து வந்தார்.

“சொல்லுங்க மிஸ், கொயந்த கேக்குது பாருங்க!” என்றார் ஸ்டெல்லா.

சாதாரணக் கேள்வி. ஈப்போ என்று வாயெடுத்தேன். இல்லை, ஆவடி என்று சொல்லப்போனேன். இரண்டுமே வரவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெனிஃபர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எம்பி, தன் வலது கையை என் தலையில் வைத்தாள்.