முன்கூட்டியே போட்ட மொட்டை

மேலதிகாரிக்குச் செயலாளராக இருப்பது, ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு காபி குடிப்பது மாதிரி. சிந்தினால் நம் மேல்தான் சிந்தும். இந்த வேலையில் வதைபடும் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என்னைக் கேட்டால், புலம்பலைவிட நன்றிதான் அதிகம்.

எது முதலில்?

குடியாத்தத்திலிருந்து வந்து, திருப்பதிக்குப் பக்கத்தில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் பொது மேலாளருக்குச் செயலாளராக ஒப்பந்த வேலையில் சேர்ந்தேன். அவர் சுகுணா மேடம், சித்தூர்க்காரர். முதல் நாளே தலைமை அலுவலகத்தோடு வீடியோ கூட்டம். நான் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுத் தவிக்கிறேன். மேடம் வாசலில் நின்று போன் பேசுகிறார். திருச்சானூர்ப் பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ் வழியில் நின்றுவிட்டதாம். மாற்று வண்டி கிளம்பிய பிறகுதான் உள்ளே வந்தார். மேலே இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்றேன்.

"கோச்சுக்கட்டும்மா. அவங்க ஏசி ரூம்ல உக்காந்துக்கினு கீறாங்க. நம்ம பொண்ணுங்க வெயில்ல நிக்குது."

ஆள் தெரியவில்லை

புது உற்பத்தி லைனுக்கு ஒரு பெரிய ஆர்டர் வரவேண்டியிருந்தது. வந்தால் ஒப்பந்த ஆட்களுக்கு வேலை நிரந்தரம். வராவிட்டால் லைனை மூடி எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், என்னையும் சேர்த்து. வாங்கும் கம்பெனியின் அதிகாரி சென்னையிலிருந்து பார்வையிட வரவிருந்த திங்கட்கிழமை காலையில் கேட்டில் ஒரே கூச்சல். முகம் பார்த்துக் கதவு திறக்கும் மிஷின் பலரை உள்ளே விடவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், ஆணும் பெண்ணுமாகப் பாதி லைன் மொட்டை! ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகத் திருமலைக்குப் போய் முடி கொடுத்து, சந்தனமும் பூசி வந்திருக்கிறார்கள்.

விதிப்படி விட முடியாது என்றார் மனிதவள அதிகாரி. "பொறுப்பு என்னுது" என்று சொல்லிவிட்டு மேடமே கேட்டில் நின்றார். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். ஒரு பேர்கூடத் தடுமாறவில்லை. செக்யூரிட்டிக்காரர் வாயைப் பிளந்தார்.

"லட்ச ரூபா மிஷினுக்குத் தெரில, மேடத்துக்குத் தெரியுது பாரு!"

அட்வான்ஸ்

வந்த அதிகாரி மொட்டைகளைப் பார்த்து அசந்துபோனார். "சுத்தத்துக்காகவா? நல்ல ஏற்பாடு" என்றார். மனிதவள அதிகாரி 'ஆமாம்' என்று தலையாட்டத் தயாராகிவிட்டார். நானும் அப்படியே போகட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். மேடம் உடைத்துவிட்டார்: "இல்ல சார். உங்க ஆர்டர் கெடைக்கணும்னு வேண்டுதல்."

"வேண்டுதல் பலிச்சப்புறம்தானே முடி கொடுப்பாங்க?" என்று சிரித்தபடி சென்னை அதிகாரி லைன் சூப்பர்வைசர் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார். முனிரத்தினம் எதையும் பூசி மெழுகத் தெரியாதவர். மேடம் குறுக்கே பேசிச் சமாளித்துவிடுவார் என்று பார்த்தேன். அவரோ விலகி நின்று முனிரத்தினத்துக்கு வழிவிட்டார்.

"எல்லாரும் கெடைச்சப்புறம் குடுக்கறாங்க சார். நாங்க அட்வான்ஸா குட்துட்டோம்."

"ஆர்டர் வரலைன்னா முடி வீணாச்சே?"

"முடி மொளைச்சுக்கும் சார். வேல போனா மொளைக்காது."

அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு லைன் முழுவதையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார். ஆர்டர் வந்தது. எங்கள் எல்லாருக்கும் வேலை நிரந்தரமானது, எனக்கும்தான்.

தலைமைப் பண்புக்கு ஊரெங்கும் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள். நான் இன்று மாதச் சம்பளம் வாங்குவது, மேடம் சரியான நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற புண்ணியத்தில்.