பழைய கடையே இருக்கட்டும்

சாரம் கட்டுகிற குழுவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. சட்டைப்பையில் கையளவு ரசமட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு மேஜை மேல் அதை வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்பார். பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு மானம் போகும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலையில், சாரத்தில் ஏறிப் பார்க்காமலே பச்சை அட்டையை மாட்டினார்.

அவர் வேலையே அதுதான். தினமும் காலையில் மேல் தட்டு வரைக்கும் ஏறி, குழாய்களை இணைக்கிற ஒவ்வொரு பூட்டையும் கையால் ஆட்டிப் பார்த்து, இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு, ஏணியின் அடியில் பச்சை அட்டையை மாட்டவேண்டும். அது தொங்காமல் ஒருத்தரும் ஏறமாட்டார்கள். அன்றைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார், மாட்டினார், டீ குடிக்கப் போய்விட்டார். நான்காவது தட்டில் ஒரு பூட்டு தளர்ந்திருந்தது. அந்தத் தட்டில் கால் வைத்தது வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் தம்பி.

அங்கிருந்து விழுந்தவன் உயிர் பிழைத்ததே பெரிய காரியம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்தவர்கள், பலகை ஈரமாக இருந்தது, தொழிலாளி கவனமில்லாமல் நடந்தார் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நீங்கள் சோதித்தீர்களா என்று இவரையும் கேட்டார்கள். பார்த்தேன் என்றார். கீழே நின்றாவது பார்த்தார்தானே, பொய்யில்லையே! இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டால் சோறு இறங்குமா என்று கேட்கலாம். இறங்கியது. அதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் கிடந்த பிறகு, மச்சினனை வீட்டுக்கே கூட்டிவந்து முன்னறையில் வைத்துக்கொண்டார்கள். அக்காவுக்குத் தம்பி என்றால் உயிர். உயிராக இருப்பதால்தான் வாயும் அடங்காது. அவனைத் தூக்கி உட்கார வைக்கும்போது, முதுகு துடைக்கும்போது, மருந்து கொடுக்கும்போது, கொஞ்சம் பார்த்து நடந்திருக்கக் கூடாதாடா, உன் அலட்சியத்தால் இப்படி ஆச்சே என்று ஆரம்பித்துவிடுவாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். இவர் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்றைக்காவது குட்டு வெளிப்பட்டால் வேலை போகும், அது போகட்டும். இவள் முகத்தில் எப்படி முழிப்பது என்கிற பயம் ராத்திரி பகலாக அவரை அரித்தது.

இந்த நிலைமையில்தான் குழு கட்டிய பெரிய கட்டடம் ஒன்று முடிந்தது. ஒரு வேலை முடிந்தால் எல்லோரும் சேர்ந்து ஒரு சாயங்காலம் வெளியே போவது வழக்கம். போகிற இடமும் மாறாது: தெருமுனையில் இருக்கிற பழைய மதுக்கடை. நூற்று எழுபது வருஷமாக இருக்கிறதாம். அந்த நாளில் ஊர்ப் பாலத்தைக் கட்டியவர்கள் குடித்த இடம். கூரை தாழ்வு, உயரமான ஆள் தலை தப்பாது. கல்லாப்பக்கத்துப் பித்தளை விளிம்பு பட்ட கைகளால் தேய்ந்து வழவழவென்று இருக்கும். அங்கே குழுவுக்கு ஒரு சட்டமும் இருந்தது. வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அந்த வேலையில் தான் செய்த தப்பு ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்லவேண்டும். சொன்னவனைக் கிண்டல் பண்ணலாம், கோபப்படக்கூடாது, வெளியே போய்ப் பேசக்கூடாது. அளவு தப்பியவன், பலகையைக் காலில் போட்டுக்கொண்டவன் எல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். விபத்துக்கு அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்தத் தடவை மச்சினனையும் கூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு போகலாம் என்று பேச்சு வந்தது. இடத்தைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு மூத்தவர் என்று ரசமட்டத்தின் தலையில் விழுந்தது. அந்த வட்ட மேஜையில் தன் முறை வந்தால் என்ன சொல்வது? ஸ்டேஷன் பக்கத்துப் புதுக்கடைதான் வசதி என்று எல்லோருக்கும் செய்தி போட்டார். வாசல் அகலம், படி கிடையாது, சக்கர நாற்காலி சர்ரென்று உள்ளே போகும். பழைய கடைக்கு மூன்று கல்படி, ஏறினதும் ஒரு திருப்பம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நாலு பேர் முன்னால் சங்கடப்படுத்தணுமா என்றும் சேர்த்துக்கொண்டார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்குத்தான் அவன் மேல் எத்தனை அக்கறை என்றாள். அதைக் கேட்டதற்குச் செருப்பால் அடி வாங்கியிருக்கலாம்.

மச்சினன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பழைய கடையே இருக்கட்டும் மாமா. சாரம் கட்டுற ஆளுங்களுக்கு மூணு படி ஒரு விஷயமா?"

குழுவில் நெட்டையன் என்று ஒருத்தன், எதற்கும் முதலில் கை தூக்குகிறவன். சாய்தளம் ஒன்று கட்டிவிடலாம், இரண்டு மணி நேர வேலை என்று குதித்தான். கடைக்காரம்மாவிடம் போய்க் கேட்டார்கள். இது பாதுகாக்கப்பட்ட கட்டடம், சுவரில் ஒரு ஆணி இறங்கினாலும் எனக்கு நோட்டீஸ் வரும் என்றாள். சுவரையே தொடாமல் தனியாக நிற்கும் என்று நெட்டையன் சத்தியம் பண்ணினான். அவளும் சரி என்றாள்; ரசமட்டம் தப்பிக்க இருந்த கடைசிக் கதவும் சாத்திக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் வண்டியில் குழாயும் பலகையும் வந்து இறங்கின. கட்டி முடித்ததும் எல்லோரும் தள்ளி நின்றார்கள். இனி ரசமட்டத்தின் வேலை. மனுஷன் அதில் நடந்தார், திரும்ப நடந்தார், குதித்துப் பார்த்தார். பூட்டு ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் ஆட்டினார். தள்ளுவண்டியில் இரண்டு சிமெண்ட் மூட்டை ஏற்றித் தள்ளிக்கொண்டு மேலே போனார், இறங்கினார், மறுபடி போனார். ஒன்பது தடவை. நெட்டையன் வாய்விட்டுச் சிரித்தான். அண்ணே, யானையா வரப்போகுது என்றான். அவர் சிரிக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இவர் இறங்கி வந்து மூச்சு வாங்குகிற நேரத்தில் நெட்டையன் வண்டியிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்து, அண்ணே கையெழுத்து என்று நீட்டினான். பழக்க தோஷம், பாவம், அவனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இவரும் எழுதினார். அவன் அதைச் சாய்தளத்தின் அடியில் மாட்டிவிட்டான்.

ஐந்தரை மணிக்கு அக்கா தம்பியைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் திரும்பினாள். அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி விட்டிருந்தாள். குழு முழுக்க வாசலில் நின்று கை தட்டியது. அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அட்டையைப் பார்த்ததும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினான்.

"மாமா, ஏறிப் பாத்துட்டா மாட்டினீங்க?"

ஒன்பது தடவை ஏறினார்டா என்று நெட்டையன் சொல்ல வந்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான், இரண்டு பேர் முகமும் அப்படி இருந்தது. பதினோரு மாதமாக விழுங்கினது போதும் என்று ரசமட்டத்துக்குத் தோன்றிவிட்டது.

"இன்னிக்கு ஏறினேன்," என்றார். "அன்னிக்கு ஏறல."

"தெரியும்," என்றான் அவன். குரலில் கோபமே இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது. "அன்னிக்கு நான் சீக்கிரமே வந்துட்டேன். சாமான் வைக்கிற ரூம்ல பூட்ஸ் மாட்டிக்கிட்டே பாத்தேன். நீங்க குடையைக்கூட மடக்கல. பாத்தும் ஏறினேன் மாமா. நீங்க மாட்டினதாச்சே, தப்பா இருக்காதுன்னு ஏறினேன். இன்னிக்கு மேஜையில என் முறை வந்தா என் தப்பா அதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்."

அக்கா நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. ஏன்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்று தம்பியைக் கேட்டாள். மாமாவே சொல்லுவார் என்று இருந்ததாகச் சொன்னான். அப்புறம்தான் புருஷன் பக்கம் திரும்பினாள். தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"தினம் தினம் இவனைத் திட்டினேனே. பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டுத்தானே இருந்தீங்க."

குழுவில் ஒருத்தன் அவர் தோளைத் தொட வந்தான், தொடாமலே கையை எடுத்துக்கொண்டான். இங்கே சொன்ன தப்பு வெளியே போகாது என்கிற சட்டம் அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கும். மச்சினனுக்கும் வந்திருக்கவேண்டும்.

"இன்னும் நாம உள்ள போகல. வாசல்லதான் நிக்கறோம், மேஜைச் சட்டம் இங்க செல்லாது," என்றான். "திங்கக்கிழமை ஆபீஸ் போவீங்கல்ல, நானும் வரேன். கவனமில்லாம நடந்தான்னு எழுதியிருக்காங்க. அதை நீங்க அடிச்சு எழுதச் சொல்றத நான் பக்கத்துல இருந்து கேக்கணும்."

சரி என்றார் ரசமட்டம். அக்கா தம்பியைத் தள்ளிக்கொண்டு மேலே போனாள். பலகை ஒரு நூல்கூட அசையவில்லை.