ஹஸ்மா இறுக்காமல் விட்ட நட்டுகள்

ஹஸ்மாவதிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் எங்கள் தாமான் குடியிருப்பில் பேச்சு. கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மற்ற நேரமெல்லாம் அந்தச் சிவப்புக் காருக்கு அடியில்தான் கிடப்பாள். இரண்டே கதவு வைத்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. பழைய வண்டிகளை உடைத்து விற்கிற கடையிலிருந்து பிணம் மாதிரி வாங்கி வந்து அவளே உயிர் கொடுத்தாள். முக்காட்டைப் பின்னால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு அவள் காருக்கடியில் நுழைந்துவிட்டால், தெருவில் போகிறவர்களுக்கு இரண்டு செருப்புக் கால்கள் மட்டும்தான் தெரியும்.

நான் பக்கத்து வீட்டுக்காரி, புனிதா. வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறேன். இடி இடித்தால் தையல் மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிற ஜாதி. தைப்பிங்கில் இந்தப் பயத்தோடு குடியிருப்பது பெரிய கொடுமை. இங்கே வானத்துக்கு மழையையும் இடியையும் விட்டால் வேறு வேலையே கிடையாது.

அவள் புருஷன் ஜம்ரி நகராண்மைக் கழகத்தில் கிளார்க்; அவனை அவள் ‘அபாங்’ என்றுதான் கூப்பிடுவாள். கைக்குட்டைக்கும் இஸ்திரி போடுகிற ஆள். காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்த வேண்டும் என்று ஹஸ்மா சொன்னபோது அவன் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தான். நம் தெருவின் வேகத்தடை மேடுகளில் காரின் வயிறு தேயும், ஆபீசில் சிரிப்பார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பையன் ஆடிப்பைக் கூட்டிக்கொண்டு புக்கிட் கந்தாங்கில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும், அதற்குள் கார் தயாராக இருக்க வேண்டும் என்றான்.

வியாழன் காலையில் அவள் ஆரம்பித்தாள். முன் சக்கரங்களைக் கழற்றி, காரை முட்டுகள் மேல் நிறுத்தி, பழைய ஸ்பிரிங்கைக் கொக்கிக் கம்பிகளால் இரண்டு பக்கமும் பிடித்து, சுற்றுச் சுற்றாக அமுக்கினாள். நான் எங்கள் கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்தக் கொக்கி வழுக்கினால் ஸ்பிரிங் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும், நடுவில் முகம் இருந்தால் முகத்தையும் சேர்த்துத்தான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஸ்பிரிங் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்குள் புதுக் குட்டை ஸ்பிரிங்குகள் உள்ளே போய், சக்கரங்களும் மாட்டியாகிவிட்டது. கார் தரையில் இறங்கிப் பூனை மாதிரிப் பதுங்கி நின்றது. பார்க்க அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வேலை முடியவில்லை. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையில் ரப்பர் வைத்த மூட்டுகள் உண்டு. அவற்றின் போல்ட்டுகளைக் கார் தூக்கி நிற்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். அதனால் விரலால் மட்டும் நட்டைச் சுற்றி விட்டுவிட்டு, காரின் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். ஒழுங்காக வேலை தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜம்ரி போன் போட்டு, முடிந்ததா முடிந்ததா என்று குடைந்திருக்கிறான். அவள் எரிச்சலில், "முடிஞ்சிருச்சு, போங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஸ்பேனரின் பிடியில் செருகி நீளமாக்க ஒரு இரும்புக் குழாய் வேண்டியிருந்தது. அது எங்கள் வீட்டில் இருந்தது. பின்பக்கச் சந்து வழியாக வந்தாள். வந்தவளை நான் சும்மா அனுப்பியிருக்கலாம். ரசம் கொதிக்கிறது, ஒரு வாய் குடித்துவிட்டுப் போ என்று உட்கார வைத்தேன். வானம் அதற்குள் கறுத்துவிட்டது.

அவள் வீட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. அலறல் என்று கூடச் சொல்ல முடியாது, தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரி. ஓடிப் போய்ப் பார்த்தேன். கார் நிற்கிற போர்ச் காலி. ஜம்ரியின் மோட்டார் சைக்கிள் ஓரமாக நின்றது. வழக்கமாகப் பையனை அதில் முன்னால் உட்கார வைத்துத்தான் தொழுகைக்குப் போவான். மழை வருகிறது, கார்தான் முடிந்துவிட்டதே என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

"நட்டு இறுக்கலக்கா. விரலாலதான் சுத்தி வச்சிருந்தேன்." உதடு வெளுத்திருந்தது. "ஆடிப் காருக்குள்ள இருக்கான்."

போன் அடித்துப் பார்த்தாள், அணைத்திருந்தது. பள்ளிவாசலுக்குப் போகுமுன் போனை அணைக்கிற ஒழுக்கமான ஆள் அவன். தொழுகை முடிந்தால் நேரே புக்கிட் கந்தாங் சாலை. வளைவும் இறக்கமும் எதிரே மணல் லாரியுமாக இருக்கும் சாலை.

மோட்டார் சைக்கிள் சாவி ஜம்ரியின் பாக்கெட்டிலேயே போய்விட்டதால் என் ஸ்கூட்டரை எடுத்தோம். அவள் ஓட்ட, ஸ்பேனர் பையையும் குழாயையும் மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால். மழை அடித்து ஊற்றியது. வழியெல்லாம் அவள் சாலையோரத்தையே பார்த்தாள். எங்கே சிவப்பாக ஏதாவது தெரிந்தாலும் அவள் முதுகு விறைப்பதை நான் உணர்ந்தேன். ஒரு திருப்பத்தில் கூட்டம் நின்றது. அவள் பிரேக்கைப் பிடித்த வேகத்தில் நான் அவள் மேல் மோதினேன். மரக்கிளை முறிந்து விழுந்திருந்தது, அவ்வளவுதான். சாமிகளின் பெயரெல்லாம் என் வாயில் வரிசையாக வந்தன. அவள் தன் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கார் பள்ளிவாசல் தெருவில் முழுசாக நின்றதைப் பார்த்ததும்தான் மூச்சே வந்தது. இடது சக்கரங்கள் பெரிய சாக்கடையின் விளிம்பில் இருந்தன. வலது பக்கம் வெள்ளிக்கிழமை வழக்கப்படி இன்னொருவர் காரை ஒட்டி நிறுத்தி மறித்திருந்தார். உள்ளே குத்பா பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை ஆண்கள் நடுவில் போய் ஜம்ரியைக் கூப்பிட வழியில்லை. அவன் வருவதற்குள் இறுக்கிவிடலாம் என்றாள் ஹஸ்மா.

இரண்டு கார்களுக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து, மழைத் தண்ணீரில் படுத்து, வலது பக்கத்தை இறுக்கினாள். நட்டு போல்ட்டின் கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்ததாம். இடது பக்கத்துக்குச் சாக்கடையில் இறங்கினால்தான் கை எட்டும். இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இழுத்தது.

காருக்கடியிலிருந்து அவள் குரல் வந்தது. "நட்டே இல்லக்கா. போல்ட்டு பாதி வெளிய வந்திருச்சு. நான் உள்ள தள்றேன். யாரும் காடிய நகத்தாம பாத்துக்குங்க."

அப்போதுதான் அந்த இடி விழுந்தது. காதுக்குள்ளேயே விழுந்த மாதிரி. என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்துத் தேநீர்க் கடைக் கூரைக்குள் போய் நின்றுவிட்டேன். ஒரு நிமிஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தொழுகை முடிந்து ஆட்கள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். மறித்திருந்த காரின் சொந்தக்காரர் முதல் ஆளாக வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே ஜம்ரி, சட்டைக்குள் பையனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். குனிந்தபடி வந்தவன் சாக்கடைப் பக்கம் எங்கே பார்க்கப் போகிறான்? பையனைத் தள்ளி ஏற்றி, தானும் ஏறிக் கதவைச் சாத்தினான். இன்ஜின் உறுமியது.

கார் ஒரு சாண் நகர்ந்தால் அவள் கை அந்த இரும்புக்குள்ளேயே நசுங்கிவிடும். எனக்குக் கத்த வரவில்லை. ஓடியது மட்டும் தெரியும். காரின் முகப்பில் வயிறு படப் போய் விழுந்து இரண்டு கையாலும் அடித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஜம்ரி, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பது போலவே பார்த்தான். பிறகு இன்ஜினை நிறுத்தினான்.

முதலில் இறங்கியது பையன்தான். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துக் கேட்டான். "மா, நீங்க ஏன் சாக்கடையில இருக்கீங்க?"

நாலு பேர் கை கொடுத்து அவளைத் தூக்கினார்கள். ஜம்ரிக்கு முகம் கறுத்துவிட்டது. பள்ளிவாசல் வாசலில், இத்தனை பேர் பார்க்க, இது என்ன கோலம் என்று ஆரம்பித்தான். அவள் அவனைப் பேச விடவில்லை.

"முடிஞ்சிருச்சுன்னு சொன்னது பொய், அபாங். எதையும் இறுக்கல. இந்தப் பக்கம் நட்டு வழியிலயே விழுந்திருச்சு."

அவன் அந்தச் சக்கரத்தைப் பார்த்தான். வரும் வழியெல்லாம் டொக் டொக்கென்று சத்தம் வந்தது, தாழ்த்தினால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னான். அப்புறம் குனிந்து பையனைத் தூக்கிக்கொண்டான். அதன் பிறகு கீழே விடவே இல்லை.

தொழுகைக்கு வந்த ஒரு பெரியவரின் பிக்கப் வண்டியில் நட்டுப் போட்டு வைத்த பால் டின் இருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஒன்று பொருந்தியது. யார் யாரோ குடை பிடித்தார்கள். மறுபடி சாக்கடையில் இறங்கி அவளே இறுக்கினாள், யாரையும் தொட விடவில்லை. பிறகு சக்கர நட்டுகள். இறுக்கியதையே திரும்பத் திரும்ப இறுக்கினாள். போதும்மா, இதற்கு மேல் போனால் போல்ட்டு முறிந்துவிடும் என்று அந்தப் பெரியவர் சொன்ன பிறகுதான் நிறுத்தினாள்.

மழை குறைந்து தூறலானது. ஜம்ரி பையனைக் கொண்டுவந்து என் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்தான். ஹஸ்மா காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஜம்ரி கொடுத்த சாவியைத் துளையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நீங்களும் புனிதாக்கா வீட்டுக்காரர வரச் சொல்லி அவரோட போயிருங்க, அபாங். நான் மெதுவா கொண்டு வரேன்."

அவன் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நீதான இறுக்கின. ஓட்டு."

அவள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. பிக்கப்காரர் போய் அந்த வேன்காரனை ஏதோ சொல்லி அடக்கினார்.

நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போகிற வேகத்தில் கார் கிளம்பியது. நானும் ஆடிப்பும் பின்னாலேயே போனோம். தெரு மேடு வந்தால் கார் நின்றுவிடும். ஜம்ரி இஸ்திரி போட்ட கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவான். சேற்றில் மண்டியிட்டு இந்தச் சக்கரத்தை ஒரு தடவை, அந்தச் சக்கரத்தை ஒரு தடவை குனிந்து பார்ப்பான். கை காட்டுவான், கார் மேட்டைத் தாண்டும். அவன் பின்னாலேயே நடந்து போய், மறுபடியும் அவள் பக்கத்தில் ஏறி உட்காருவான்.