மதினிக்குப் பதினைந்து என்று சொன்னேன்

உறவினர்களுக்கு. இதில் மூன்று விஷயங்கள்:
1. ராமலட்சுமி மதினி காலமான செய்தி.
2. கல்யாணத்தின்போது அவருக்குப் பதினைந்து வயது நிறைந்திருந்தது. அன்றைய சட்டமே சான்று.
3. அவரிடமிருந்து நான் நினைவாக வைத்துக்கொள்வது.

நாரணாபுரத்திலிருந்து அவர் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அம்மா போயிட்டாக." அன்றே புறப்பட்டுப் போனேன்.

என் அண்ணன் கல்யாணம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில். மதினி வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண். அடுத்த வருடம் பிறந்த ஆண் குழந்தை தங்கவில்லை. "வந்ததும் முழுங்கிட்டா" என்று என் அம்மா தெருவெல்லாம் சொன்னார். மதினி தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனார், பிறகு பிள்ளைகள் பெற்று வளர்த்தார். அந்தச் சொல் மட்டும் அவரை விடவில்லை.

நான் நம் வம்சாவளி எழுதுவது தெரிந்து இந்தப் பொங்கலுக்கு மதினி கேட்டார்: "கொழுந்தனாரே, கல்யாணத்தப்ப எனக்கு எம்புட்டு வயசுன்னு பாத்துச் சொல்லுங்க. சின்ன உடம்புங்கிறதால பிள்ளை தங்கலையா, இல்ல அத்தை சொன்ன மாதிரி என் ராசியா? தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

சட்டத்திலிருந்து தொடங்குவது என் வழக்கம். ஐம்பத்தைந்தில் வந்த திருமணச் சட்டம் பெண்ணுக்குப் பதினைந்து நிறைய வேண்டும் என்றது. என் தகப்பனார் சட்டத்துக்குப் பயந்தவர். ஆகவே பதினைந்து என்றேன்.

"சட்டம் எங்க ஊருக்கு பஸ்ல வந்துச்சா, நடந்து வந்துச்சா?" என்று சிரித்தார்.

நான் மறுபடியும் உறுதியாகச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"படிச்ச நீங்களே சொல்றீக. அப்ப என் ராசிதான்."

துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டில் மதினியின் அண்ணனிடம் அவர் வயதைக் கேட்டேன். "பதினஞ்சா? மாப்ள, சுதந்திரத்துக்கு முட்டாய் கொடுத்தப்ப நாந்தான் அவளை இடுப்புல தூக்கிட்டுப் போனேன். பேச்சே வரலை அவளுக்கு. யாரு கேட்டாலும் பதினஞ்சுன்னு சொல்லுங்கலேன்னு எங்க அய்யா சொல்லி வச்சிருந்தாரு."

சுதந்திரத்தின்போது ஒரு வயதென்றால், கல்யாணத்தின்போது பன்னிரண்டு. சட்டம் சொன்ன எண் ஊரார் சொல்ல வேண்டிய பதிலாகத்தான் இருந்திருக்கிறது. வயதை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அவருடைய சிரிப்பை வைத்துக்கொள்வேன் என்று எழுத நினைத்தேன். அது நின்றதுதான் என்னிடம் இருக்கிறது.

மேலே இரண்டாவதை, மதினியிடம் சொன்னபடியே விட்டிருக்கிறேன். அது தவறு. தவறு என்று நான் சொல்லிக் கேட்க வேண்டியவர் கேட்காமலே போய்விட்டார்.