கிளெண்டா ஹெப்வொர்த்தின் மூக்கு

கிளெண்டா ஹெப்வொர்த்தின் மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கும். நடுவில் ஒரு மேடு, அதற்குக் கீழே ஒரு திருப்பம். கிரிம்லி ஆரம்பப் பள்ளியின் சமையற்கட்டில் இருபத்தாறு வருஷமாகக் கரண்டி பிடிப்பவள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும் பொடிசுகள் பெரியவர்களைப்போல் இல்லை, பட்டென்று கேட்டுவிடும்.

"உங்க மூக்கு ஏன் கோணலா இருக்கு?"

"அடுத்த தெருவுல இன்னைக்கு என்ன சமையல்னு எட்டி மோந்து பார்க்கத்தான் கண்ணு."

பிள்ளைகள் சிரிக்கும், வரிசை நகரும். உண்மையில் அந்த மூக்குக்குப் பக்கத்து அடுப்பில் தீய்வதுகூடத் தெரியாது. கஸ்டர்ட் அடிப்பிடித்தால் உடன் வேலை பார்க்கும் மாண்டிதான் ஓடிவந்து அணைப்பாள்.

யார்க்‌ஷயர் ஜனங்களிடம் ஒரு வியாதி உண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "குறை சொல்லக் கூடாது" என்பார்கள். கால் ஒடிந்து கிடப்பவனும் அதைத்தான் சொல்வான், காலையில் பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்தவனும் அதைத்தான் சொல்வான். மழைக்கு மட்டும் விலக்கு. மழையைப் பற்றி மணிக்கணக்கில் குறை சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இந்த வியாதியில் ஊருக்கே முதலிடம் கிளெண்டாவுக்குத்தான் கொடுக்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அவளால் மூக்கால் மூச்சுவிட முடியவில்லை. மூன்று தலையணையை அடுக்கிப் பாதி உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். வாய் திறந்தே கிடப்பதால் விடிந்தால் உதடு வெடித்திருக்கும். ஆனால் குடும்ப டாக்டர் "மூச்சுக்கு எதுவும் சிரமம் உண்டா?" என்று கேட்கும்போதெல்லாம், "ஏதோ ஓடுது டாக்டர், குறை சொல்லக் கூடாது" என்பாள். அவரும் சொன்னதைச் சொன்னபடி எழுதிவைப்பார்: தொந்தரவு ஏதுமில்லை.

புருஷன் டெரெக் இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போனான். கிளப்பில் சீட்டாடிக்கொண்டிருந்தவன் அப்படியே மேஜைமேல் சாய்ந்துவிட்டான். சவ அடக்கத்துக்கு வந்த கூட்டம் தேவாலயம் கொள்ளவில்லை. சிறுவர்களுக்கு ரக்பி சொல்லிக்கொடுத்தவன், கேட்டவனுக்கெல்லாம் ஏணி கொடுத்தவன், தங்கமான மனுஷன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஊருக்கு அவன் தங்கம்தான், அதை யாரும் மறுக்க முடியாது. கிளெண்டாவும் அழுதாள், நிஜமாகவே அழுதாள். மறுநாள் காலையில் குளியலறைக் கண்ணாடியில் முகம் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஆள் போய்விட்டான், அவன் செய்தது மட்டும் முகத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சாகும்வரை தினம் காலையில் இவனைப் பார்த்துத்தான் பல் துலக்க வேண்டுமா? இந்த மூக்கை நேராக்கிக்கொள்ள வேண்டும் என்று அறுபது வயதில் அன்றுதான் முதல்முறையாக நினைத்தாள்.

தனியாரிடம் போகச் சமையற்கட்டுச் சம்பளம் இடம் கொடுக்காது. சர்க்கார் செலவில்தான் ஆகவேண்டும். குடும்ப டாக்டர் மனுப் போட்டார். சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கும் நிதிக் குழு ஒரே பக்கத்தில் பதில் போட்டது. அழகுக்காகச் செய்வதற்குப் பணம் கிடையாது. மூச்சடைப்புக்கு என்றால் உண்டு, ஆனால் முப்பத்தொரு வருஷப் பதிவில் ஒரு தடவைகூட மூச்சுத் தொந்தரவு என்று இல்லையே. வேண்டுமானால் பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கைக் காட்டட்டும்.

"நீயே உன் வாயால கெடுத்துக்கிட்டே," என்றாள் மாண்டி, பட்டாணியை வடிகட்டிக்கொண்டே. "இப்ப பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்கல்ல, அங்கயாவது வாயைத் திறந்து சொல்லித் தொலை. குறை சொல்லக் கூடாதுன்னு மட்டும் ஆரம்பிச்சே, இந்தக் கரண்டியாலயே போடுவேன்."

"ஊர்ல எத்தனையோ பேரு புற்றுநோய் அது இதுன்னு காத்துக் கெடக்காங்க. நான் போயி மூக்கு மூக்குன்னு நிக்கவா?"

"அவங்களுக்கெல்லாம் மூச்சு வருதுல்ல? உனக்கு வருதா? வருதா சொல்லு!"

கிளெண்டா கஸ்டர்டைக் கிண்டினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு வைத்தியர் மிஸ்டர் லாங்லி. நிதானமான ஆள். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார், வெளியில் இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பழைய அவசரப் பிரிவுச் சீட்டை எடுத்து வாசித்தார். "கொல்லைப் படியில் வழுக்கி விழுந்ததாக நோயாளி சொல்கிறார்."

"மிஸஸ் ஹெப்வொர்த், குப்புற விழுந்தா மூக்கு நசுங்கும். இப்படி ஒரு பக்கமா ஒதுங்காது. இது இடப்பக்கத்துலருந்து வந்த அடி." சீட்டை மடித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு வலதுகைப் பழக்கமா?" என்றார்.

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். முப்பத்தொரு வருஷத்தில் அதுதான் முதல்முறை. சனிக்கிழமை மத்தியானம், மாட்ச் தோற்றுப்போய் வந்தது, சாப்பாடு ஆறியிருந்தது, ஒரே ஒரு அடி. அதற்குப் பிறகு அவன் கை ஓங்கவில்லை என்பதையும் சொன்னாள். அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை என்று அந்தப் பாவி மனுஷிக்குத் தோன்றியது.

மிஸ்டர் லாங்லி பேனாவைக் கீழே வைத்தார். "உள்ளே அடைப்பு இருக்கு, ஆனா பழைய பதிவு இல்லாம குழு அதை ஒத்துக்காது. ஒருத்தர் அடிச்சு உடைஞ்ச மூக்குன்னா மறுபடி எடுத்துப் பார்க்கும். ஆனா பழைய சீட்டு வேற சொல்லுது, உங்க வார்த்தை மட்டும் பத்தாது. அன்னைக்கு வீட்ல வேற யாராவது இருந்தாங்களா?"

"எம் பையன். ஏழு வயசு. மாடிப்படியில நின்னுக்கிட்டிருந்தான்."

"அவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாப் போதும். அடுத்த மாசம் கொண்டுவாங்க."

கிரெய்க்குக்கு இப்போது முப்பத்தெட்டு. அப்பா விட்டுப்போன சிறுவர் ரக்பி அணியை அவன்தான் நடத்துகிறான். முன்கையில் அப்பாவின் பெயரையும் செத்த தேதியையும் பச்சை குத்தியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டில்தான் சாப்பாடு. வறுத்த ஆட்டிறைச்சிக்குக் குழம்பை ஊற்றிக்கொடுத்துக்கொண்டே கிளெண்டா பேச்சை எடுத்தாள். எப்படிச் சொல்வது என்று வாரம் முழுக்க யோசித்துவைத்ததெல்லாம் அவன் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்விட்டது.

"என் மூக்கு உடைஞ்ச அன்னைக்கு நீ இருந்தியே கண்ணு. ஆஸ்பத்திரியில எழுதிக் கேக்கறாங்க. நீ பார்த்ததை எழுதிக் கொடு. மத்தவங்க சொன்னதை இல்ல, நீ கண்ணால பார்த்ததை."

கிரெய்க் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்மா," என்றான் மெதுவாக. பிள்ளைக்குத் தெரியும், இத்தனை வருஷமும் அவனும் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான் என்று நினைத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் பயந்தும் கிடந்தாள், என்னவோ லேசாகவும் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவன் கடிதத்தோடு வந்தான். இரண்டு பக்கம், பிழையில்லாமல் நகல் எடுத்தது. அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"அன்று மழை பெய்து கொல்லைப் படி ஈரமாக இருந்தது. அம்மா குப்பை கொட்டப் போனபோது வழுக்கி விழுந்தார். நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். அப்பா ஓடிப்போய்த் தூக்கினார். சமையலறைத் துண்டால் ரத்தத்தை அழுத்திப் பிடித்தார். அம்மாவைக் கைகளில் ஏந்தியே காருக்குக் கொண்டுபோனார். அப்பா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்..."

துண்டு உண்மை. கார் உண்மை. டெரெக் அழுததும் உண்மை. காரில் போகும்போது பின்சீட்டில் இருந்த பிள்ளையிடம் அவன் சொன்னது கிளெண்டாவுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது: "உங்கம்மா படியில வழுக்கி விழுந்துட்டா, சரியாடா?" பிள்ளை அம்மாவைப் பார்த்தது. துண்டுக்குள் வாயை வைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டியவள் அவள்தான்.

கடிதத்துக்கு மேலாக மகனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கள்ளம் துளிகூட இல்லை. பார்த்ததை அந்த ஏழு வயது எங்கேயோ தொலைத்துவிட்டு, சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது.

"எழுத எழுத அழுதுட்டேம்மா," என்றான் கிரெய்க். "அப்பா எப்படிப் பதறினாருன்னு இப்பவும் கண்ணுல நிக்குது. சரியா எழுதியிருக்கேனா?"

இப்போது சொன்னால்தான் உண்டு. நேரான மூக்கு, மூக்கு வழியாக மூச்சு, படுத்துத் தூங்குவது, எல்லாம் ஒரு வாக்கியத்துக்கு அந்தப் பக்கம் இருந்தன. ஆனால் அதைச் சொன்னால் இவனுக்கு அப்பா இருக்க மாட்டான். கிளெண்டா வாயைத் திறந்தாள். அவன் முன்கையிலிருந்த பெயர் கண்ணில் பட்டது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கே கண்ணு," என்றாள்.

மிஸ்டர் லாங்லி அந்த இரண்டு பக்கத்தையும் இருமுறை படித்தார். "போன மாசம் நீங்க எங்கிட்ட சொன்னது இது இல்லையே. இதை உள்ளே அனுப்பினா குழு என்ன சொல்லும்னு தெரியும்ல? இதை எடுத்துட்டுப் போயிடுங்க. வேற ஏதாவது வழி பார்க்கலாம்."

வேறு வழி என்றால் விசாரணை வரும், கிரெய்க்கைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவளுக்கு அது புரிந்தது.

"எம் பையன் பொய் சொல்ல மாட்டான் டாக்டர். அதையே அனுப்பிடுங்க."

அவர் காகிதத்தைக் கோப்பில் வைத்தார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தற்செயலான பழைய காயம், தொடர்ந்த தொந்தரவுக்குப் பதிவில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது, மேல்முறையீடு கிடையாது. கிரெய்க் அதை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் படித்தான். கழுத்துவரை சிவந்துவிட்டான்.

"இவனுங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லம்மா. ஒரு பொம்பளை வழுக்கி விழுந்து முப்பது வருஷமா அவதிப்படறா, அதைக்கூட நம்ப மாட்டேங்கறானுங்க." கடிதத்தை மேஜைமேல் எறிந்தான். "அப்பா மட்டும் இருந்திருந்தா அந்த ஆபீசுக்கே போயி எவனாவது ஒருத்தனுக்கு நல்லா ஒண்ணு குடுத்துட்டு வந்திருப்பாரு. உன் விஷயத்துல அவரு சும்மா விட மாட்டாரு."

"ஆமா கண்ணு," என்றாள் கிளெண்டா. "குடுத்திருப்பாரு."

தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். மூக்கடைத்தவர்களால் சத்தமில்லாமல் அழ முடியாது. வாயால் மூச்சை இழுத்து இழுத்துத்தான் அழவேண்டும், அது அடுத்த அறைவரை கேட்கும். அதனால் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.