கன்னிக்கால்

தொண்டைமானாற்றுக்குச் சற்று முன்னால் பஸ்ஸின் டயர் காற்றுப் போய்விடுகிறது. வெயிலுக்குப் பயந்து, தெருவோர வளவொன்றின் படலையருகே நிற்கும் முருக்க மரத்தில் சாய்கிறேன். நிழலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஓலை இழைக்கிறார். விற்பனைக்கு வைத்திருக்கும் பெட்டிகளைச் சோளகக் காற்று தூக்காதிருக்க, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கல்.

"நல்ல நிழல், அக்கா."

"நீர் சாய்ஞ்சு நிக்கிறது என்ரை கன்னிக்கால், பிள்ளை."

கலியாணத்துக்குமுன் பெண் வீட்டில் ஊன்றும் முருக்கந்தடி. அது தழைத்தால் குடும்பமும் தழைக்கும் என்பார்கள்.

"நட்டு ஒரு மாசத்திலை சண்டையாலை ஓடினனாங்கள். கன காலத்துக்குப் பிறகு திரும்பி வந்தா, வீட்டைக் காணேல்லை. இந்த மரத்தைப் பாத்துத்தான் அவரும் நானும் வளவைக் கண்டுபிடிச்சனாங்கள். உம்மடை கன்னிக்கால் எங்கை?"

"கொக்குவிலிலை, கலியாண மண்டபத்திலை. மண் நிரப்பின வாளிக்குள்ளை வைச்சவை."

இழைக்கும் கை நிற்கிறது. "பிறகு எங்கை நட்டனீங்கள்?"

மண்டபம் கழுவியவர்கள் வாளியோடு எடுத்துப் போயிருப்பார்கள். நானோ கணவரோ கேட்கவில்லை. இப்போது நான் அவரிடம் எதைக் கேட்பதென்றாலும் சட்டத்தரணி மூலந்தான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா எழும்புகிறார். "ஒரு கொப்பு முறிச்சுத் தரட்டே? எங்கை ஊண்டினாலும் பிடிக்கும்."

"வேண்டாம், அக்கா."

பஸ் ஹோர்ன் அடிக்கிறது. புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிகளில், ஒரு ஆளுக்குப் போதுமான சின்னதாகப் பார்த்து எடுக்கிறேன்.