அவங்க ஊர்ல இல்லை

எழுபத்துமூன்றோ எழுபத்துநான்கோ, வருஷம் சரியாக நினைவில்லை. தி.நகரில் பனகல் பார்க்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தெருவில் குடியிருந்தோம். சித்திரை மாதம், சனிக்கிழமை மத்தியானம். கிழமை மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் சனிக்கிழமை சாப்பாட்டுக் கடை முடிந்ததும்தான் நான் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுத உட்காருவேன்.

ஆமாம், அந்தக் காலத்தில் எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. ரேஷன் அரிசியில் கல், சுவரெல்லாம் சினிமா போஸ்டர், வரதட்சணை, பஸ்ஸில் பெண்களுக்கான இடத்தில் உட்கார்ந்துகொண்டு தூங்குவது போல் நடிக்கும் ஆண்கள், எதையும் விட்டதில்லை. தெரு மாதர் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. "அயலாரிடம் நமது கடமை" என்ற தலைப்பில் பேசிக் கைத்தட்டல்கூட வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் மெஷின்களைப் பராமரிக்கிற வேலையில் இருந்தார். எந்த நேரமும் கூப்பிட வேண்டியிருக்கும் என்று ஆபீசிலேயே எங்கள் வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்திருந்தார்கள். தெருவுக்கே அது ஒன்றுதான். அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளாளுக்கு எங்கள் நம்பரைத் தங்கள் நம்பர் மாதிரி ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்து போட்டுக்கொண்டார்கள். பி.பி. என்றால், போன் வைத்திருப்பவர் ஓடிப் போய்க் கூப்பிட்டு விடுவார் என்று அர்த்தம். ஓடுகிறவள் நான்.

பால் பொங்குகிற நேரத்தில் மணி அடிக்கும். முனை வீட்டுக்காரருக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் என்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். வந்தவர் கூடத்தில் நின்று நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஜாதகம் பேசுவார். இன்னொரு அம்மாள், "சும்மாதான் கூப்பிட்டா என் நாத்தனார், வெயில் எப்படீன்னு கேக்கறா" என்று சொல்லிவிட்டு, என் மின்விசிறிக்கு அடியிலேயே உட்கார்ந்துகொள்வாள். எனக்கு எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

எதிர் வரிசையில் ஒரு தம்பதி இருந்தார்கள். அவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். குடிவந்த புதிதில் இருவரும் வந்து, "அவசரத்துக்கு மட்டும் உங்க நம்பரை எழுதி வெச்சுக்கலாமா?" என்று கேட்டார்கள். கேட்டு அனுமதி வாங்கியவர்கள் அந்தத் தெருவிலேயே அவர்கள் மட்டும்தான். "தாராளமா" என்றேன். இரண்டு வருஷத்தில் அவர்களுக்கு ஒரு போன்கூட வந்ததில்லை. இது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அன்றைக்குக் காலையிலிருந்து மூன்று தடவை ஓடியாகிவிட்டது. மூன்றாவது தடவை செருப்பைத் தேடப் பொறுமையில்லாமல் வெறுங்காலோடு போய்க் கால் பொரிந்துவிட்டது. அந்தக் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். "இரவல் டெலிபோன் என்னும் சமூகக் கேடு" என்று தலைப்பு போட்டு ஒரு பாரா சூடாக எழுதியும் ஆயிற்று. மணி அடித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டேகால்.

"யாரு வேணும்?" என்றேன். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அம்மா, எதிர்வூட்டு சாரு, கிண்டில வேலை பாக்கறாரே, அவரு சம்சாரத்தைக் கொஞ்சம் கூப்ட முடியுமாம்மா..." ஓர் ஆண் குரல். மூச்சு வாங்கிற்று. பின்னால் ஒரே இரைச்சல்.

"அவங்க ஊர்ல இல்லை."

"எப்போ வருவாங்க? இல்ல, வேற யாராச்சும்..."

"எனக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டேன். வைத்த கையோடு ரிசீவரை எடுத்துப் பக்கத்து ஸ்டூலில் படுக்கப் போட்டேன். இனி அடிக்காது பார் என்று ஒரு திருப்தி. கடிதத்தை இன்னும் ஒரு பாரா இழுத்துவிட்டு, முந்தானையை விரித்துத் தரையில் படுத்தேன். அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன்.

நாலு மணி இருக்கும். வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். காக்கி அரை டிராயர், பனியன் மேல் ஒரு சட்டை, கையெல்லாம் கிரீஸ். நாற்பது வயது ஆள். சட்டையில் பெரிய கறை. அதுவும் கிரீஸ் என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் ஒரு துணிப்பை.

"யாரு வேணும்?" என்றேன்.

அவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். அப்புறம் வாயைத் திறந்தார். "இந்த லைப்ரரி கார்டுல போட்டுக்கீற வூடு எதும்மா? தெருவுல நம்பரு ஒண்ணும் வரிசையா இல்ல."

அந்தக் குரல்! போனில் மூச்சு வாங்கிய அதே குரல். கார்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர். கறை கிரீஸ் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அவர் பார்வை என்னைத் தாண்டிக் கூடத்துக்குள் போயிற்று. ஸ்டூலில் ரிசீவர் அப்படியே படுத்துக் கிடந்தது.

"மொதல்ல அந்தப் போனை எடுத்து வைங்கம்மா" என்றார். "ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்டுவாங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னத்தைச் சொல்ல, ஓடிப்போய் எடுத்து வைத்தேன்.

விஷயம் இதுதான். எதிர்வீட்டுக்காரருக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட். ஒரு மணிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். சைதாப்பேட்டையில் பஸ் படியிலிருந்து தவறி விழுந்து, பின்சக்கரம் ஒரு காலில் ஏறிவிட்டது. எதிரே சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்திருந்த இந்த மனிதர்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். விழுந்தவருக்கு நினைவு தப்பியிருந்தது. சட்டைப் பையில் ஒரு சீட்டு: கிண்டித் தொழிற்சாலையின் பெயர், அதற்குக் கீழே "அவசரத்துக்கு எதிர்வீட்டு போன், மனைவியைக் கூப்பிடவும்" என்று என் நம்பர். ஆஸ்பத்திரிக்கு எதிர் மருந்துக் கடையிலிருந்து எனக்குப் போன் செய்திருக்கிறார்.

எதிர்வீட்டுக்கு ஓடினோம். அவள் வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். சொன்னதும் "ஐயோ" என்று ஒரே சத்தம். டாக்ஸி பிடித்தோம். அவர் முன் சீட்டில், நாங்கள் பின்னால். அவர் கொண்டுவந்த துணிப்பையை அவள் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே டிபன் பாக்ஸ்.

பாதி வழியில் அவள் கேட்டாள், "ரெண்டு மணிக்கே நடந்துடுச்சுங்கறீங்களே. அக்கா வீட்டுல போன் இருக்கே, அடிச்சிருக்கக் கூடாதாங்க?"

போச்சு, மானம் போகப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரத்திலும் என் மானத்தைப் பற்றித்தான் நினைத்தேன், பாருங்கள்.

அவர் திரும்பவே இல்லை. "அடிச்சேம்மா. லைன் கெடைக்கல" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைப் பார்த்ததும், "இவ்வளவு நேரம் எங்கம்மா போயிருந்தீங்க?" என்றுதான் ஆரம்பித்தார். காலைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம் என்றிருந்தார்களாம். அதற்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும், ரத்தம் கொடுக்க ஆட்கள் வேண்டும். நேரம் ஆக ஆக நிலைமை மாறிவிட்டது. "இனிமே காலைப் பார்க்க முடியாதும்மா. உயிரைப் பார்க்கணும்" என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்துதான் போட்டாள். பேனாவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் சைக்கிள் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. ரத்தமும் கொடுத்திருக்கிறார் மனிதர்!

"நான்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றேன்.

"போன்லயே தெரியும்மா, நீ பொய் சொல்றேன்னு." அதுவரை இருந்த மரியாதை அந்த இடத்தில் போயிற்று, போக வேண்டியதுதான். "சாப்பாட்டு டப்பாவைத் தொட்டுப் பாத்தேன். சுட்டுச்சு. ஊர்ல இல்லாத பொம்பள எப்டிம்மா சுடச்சுடக் கட்டிக் குடுக்கும்? மறுபடி ரெண்டு தபா அடிச்சேன், கிடைக்கல. அவரை ஒண்டியா வுட்டுட்டு வரவும் முடியல. பையைத் துழாவினா அந்தக் கார்டு. நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டு பஸ்ஸைப் புடிச்சேன்."

"எதுக்கு அவகிட்ட மறைச்சீங்க? நான் போய் இப்பவே சொல்லிடறேன்."

"இப்ப சொல்லி? உன் மனசு ஆறும். அந்தம்மாவுக்கு இன்னா ஆவும்? அதுக்கு இப்ப பக்கத்துல நிக்க ஒரு ஆள் வோணும். இந்த நேரத்துக்கு நீதான் கீற. போய் நில்லு. அப்பாலிக்கா சொல்லிக்க." இரண்டு எட்டு வைத்தவர் திரும்பினார். "ஆனா சொல்லிடு."

போய்விட்டார். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்திருப்பார் போல. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார். நாற்பது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார். தினமும் நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். கடித நோட்டை முதல் நாளே அடுப்பில் வைத்துவிட்டேன். அவளோ பார்க்கிறவர்களிடமெல்லாம், ரேஷன் கடை வரிசையில்கூட, "அக்கா மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்று சொல்வாள். சொல்லச் சொல்ல என் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குப் புகழ்ச்சியே பிடிக்காது" என்பாள். சகிக்குமா? கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். இரண்டு மூன்று தடவை வாய்வரை வந்தது. அவள் பார்க்கிற பார்வையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. சைக்கிள் கடைக்காரர் பொறுத்துச் சொல்லச் சொன்னது உண்மைதான், ஆனால் நான் அதையே சாக்காக வைத்து நாளைக் கடத்தினேன். இதையும் சொல்ல வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வீடு திரும்பிய மறுநாள் காலை போனேன். சமையலறையில் அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். ஊரில் இல்லை என்று சொன்னது, ரிசீவரை எடுத்துப் போட்டது, படுத்துத் தூங்கியது, எல்லாமும்.

அரிவாள்மணையில் அவள் கை நின்றது. "ரெண்டேகாலுக்கா?" என்றாள்.

"ஆமாம்."

"நான் வீட்டுலதானேக்கா இருந்தேன். அவரை அனுப்பிச்சிட்டு, பாத்திரம் தேய்ச்சுக் கவுத்துட்டு, வாசல்ல வந்து உக்காந்துட்டேன். உங்க வீட்டைப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

அழவில்லை. கத்தவில்லை. உள்ளே கூடத்தில் அவர் கட்டை ஊன்றி நடந்து பழகுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "எதுக்குக்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஏதோ ஒரு பெரிய காரணம் இருந்திருக்கும், அதைச் சொன்னால் மன்னித்துவிடலாம் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது அவள் முகம்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறமும் அவள் பேசாமல் இல்லை. நல்லது கெட்டதுக்கு வருவாள், போவாள். அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அந்தக் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. நாங்கள் அடையாறுக்கு வீடு மாறிப் போகிறவரை பி.பி. என்று யாருக்குப் போன் வந்தாலும் ஓடினேன். அதைப் பார்த்துத் தெருவில் என்னைத் தங்கமான மனுஷி என்றார்கள். எனக்கும் அவளுக்கும் மட்டும் சங்கதி தெரியும்.

வேறு யார் செய்திருந்தாலும், இதைப் பற்றி இரண்டு பக்கம் கடிதம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியிருப்பேன். அவள் கேட்டதற்கு மட்டும் இத்தனை வருஷமாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பதில் ரொம்பச் சின்னது: எனக்கு எழுந்து போக அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். காலை இழந்துவிட்டு நிற்கிற மனிதரின் வீட்டில் உட்கார்ந்து அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.